நெற்றியில் வைத்த உப்புத் தண்ணீர்

ஆடு அசையவில்லை.

கறுப்புக் கிடா. கழுத்தில் அரளிப்பூ மாலை. நெற்றியின் இரண்டு பக்கமும் வைத்த மஞ்சள் தண்ணீர் கன்னத்தில் வழிந்து, தாடி நுனியில் ஒரு சொட்டாகக் கூடி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. வெயில் இன்னும் மலை மேல் ஏறவில்லை. நனைந்த ரோமத்திலிருந்து மெல்லிசாக ஆவி எழுந்தது.

பலா மரத்தடியில் நட்ட கற்கள்தான் அந்த ஊரின் கருப்பனார் கோயில். அதன் முன்னால் நின்ற அத்தனை பேரும் கிடாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் பட்ட ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்பார்கள். துலுக்கினால் சாமி ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் வெட்டு. துலுக்காத ஆட்டை யாரும் தொடமாட்டார்கள்.

பூசாரி பெரியான் கிண்ணத்திலிருந்து இன்னொரு கை தண்ணீர் எடுத்து வைத்தார். கிடா கீழே கிடந்த பலா இலை ஒன்றை எடுத்து நிதானமாக மென்றது.

மரத்துக்கு அந்தப் பக்கம், கோரைப்பாயில் நல்லம்மா கிடந்தாள். கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை. அவள் புருஷன் சடையன் கிடாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "துலுக்கு சாமி, துலுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நானும் உள்ளுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்தியம் படித்தவன், மின்சாரத்தைத் தவிர வேறு எதன் மேலும் பக்தி இல்லாதவன் என்று சிநேகிதர்களிடம் பெயர் வாங்கியவன். ஆனால் அந்தக் காலையில், அந்தக் கிடா துலுக்கினால் நல்லம்மா வாயில் கஞ்சி போகும், துலுக்காவிட்டால் போகாது. நிலைமை அப்படி.

அங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மரப்பெட்டி

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு நான் வேலை பார்த்த இடம் தெரியும். பட்டணத்தில், உயரமான மதிலுக்குள்ளே, ஜட்கா வண்டிக்காரர்கள் பேர் சொல்லாமல் 'அந்த ஆஸ்பத்திரி' என்று மட்டும் சொல்லுகிற ஆஸ்பத்திரி. படிப்பு முடிந்த சூட்டோடு அங்கே உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். பெரிய டாக்டர் கையைக் காட்டினால் ஓட வேண்டும். எனக்கு ஓடுவதில் கஷ்டமே இல்லை. அவர் காட்டாத திசையிலும் ஓடுவேன்.

மனசு முறிந்தவர்களுக்கு அதுவரை என்ன வைத்தியம் இருந்தது? பழைய நாளில் சங்கிலி. பிறகு பூட்டிய அறை. பிறகு ஈரத் துப்பட்டியில் சுற்றிப் படுக்க வைத்து ஆட்டம் அடங்கும்வரை காத்திருப்பது. இன்சுலின் ஊசி போட்டு ஆளை மயக்கத்தில் ஆழ்த்தி, பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மீட்டெடுப்பதைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன்.

இன்னொன்று, வலிப்பு. உடம்பு முழுக்க ஒரு வலிப்பு வந்து போனால், கல்லாக உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் இளகுகிறார்கள் என்று தெரிந்திருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அந்த வலிப்பை முதலில் ஊசி மருந்தால் வரவழைத்தார்கள். மருந்து ஏறுவதற்கும் வலிப்பு வருவதற்கும் நடுவே சிறிது நேரம் இருக்கும். அந்த நேரம் முழுக்க நோயாளிக்கு நினைவு இருக்கும்.

தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். ஊசி நாளன்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். ஒருநாள் குனிந்து கேட்டேன், வலிப்புக்கா இத்தனை பயம் என்று.

"வலிப்பு வந்தா எனக்கென்ன தெரியப் போகுது சார்? அதுக்கு முன்னால ஒண்ணு வருது பாருங்க. தரையில்லாத ரூமுக்குள்ள என்னைப் பிடிச்சுத் தள்ளறாங்க. விழுந்துக்கிட்டே இருக்கேன். அதை மட்டும் எடுத்துட்டு மீதியைப் பண்ணுங்களேன்" என்றார்.

அதை எடுத்துவிட்ட சாதனம்தான் எங்கள் மரப்பெட்டி. யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் சீமையிலிருந்து எந்த யந்திரமும் வராத காலம். பெரிய டாக்டர் ஏதோ ஒரு சஞ்சிகையில் படம் பார்த்து, ஆஸ்பத்திரி மின்சார மேஸ்திரியோடு வாரக்கணக்கில் சண்டை போட்டுச் செய்தது. ஒரு முள், ஒரு குமிழ், ஒரு பொத்தான். இரண்டு ஒயர் நுனியிலும் துணி சுற்றிய வில்லைகள். அவற்றை உப்புத் தண்ணீரில் நனைத்து நோயாளியின் நெற்றிப் பொட்டு இரண்டிலும் வைத்துப் பிடிக்க வேண்டும். பொத்தானை அமுக்கிய கணமே நினைவு போய்விடும். விழுவதற்கு ரூமே கிடையாது.

குமாஸ்தா அதற்குப் பிறகு கட்டிலுக்கு அடியில் போகவில்லை. எனக்கு அது போதும். அந்தப் பெட்டியைப் பற்றி முடி வெட்டுகிறவர் வரை எல்லோரிடமும் பேசினேன். பாதி வெட்டிய தலையோடு ஒருநாள் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்; அவருக்குக் கேட்டு மாளவில்லை.

கன்னத்தில் நிற்கும் சோறு

எனக்குச் சொந்த ஊர் காரவள்ளிக்குப் பக்கம். கொல்லிமலை எங்கள் வீட்டுக் களத்திலிருந்து பார்த்தால் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். மலை மேலிருந்து இறங்குகிறவர்கள் மிளகு மூட்டையை எங்கள் களத்தில் இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, கால் ஆறிய பிறகுதான் சந்தைக்குப் போவார்கள். சடையன் அப்படி வருகிறவர். மலை மேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அதில் திருப்புலி நாட்டில் சாமை விதைக்கிற சிறு காடும் கொஞ்சம் மிளகுக் கொடியும் உள்ளவர். வந்தால் களம் கலகலப்பாக இருக்கும்.

தை மாதம் லீவில் போயிருந்தேன். சடையன் மூட்டையை இறக்கிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க சடையண்ணா, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"ஊட்டுல சரியில்லீங்க சாமி."

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர் மனைவி நல்லம்மாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. சில நாள் நன்றாக இருந்தாளாம். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு நின்றது.

"கொழந்தைய மடியில வெச்சா, வெச்ச வாக்குலயே இருக்கறாளுங்க. எடுத்துக்கிட்டம்னாலும் கை அப்படியே நிக்குது, கொழந்தை இருக்கறாப்பலயே."

"சோறு?"

"வாயில வெச்சா கன்னத்துலயே நிக்குதுங்க. பொழுது எறங்கறப்ப பாத்தாலும் அங்கயேதான் இருக்குது."

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இது பெட்டிக்கென்றே பிறந்த நோய் அல்லவா. மறுநாளே அவரோடு மலை ஏறினேன்.

குழந்தையை வைத்திருந்தவர் சடையனின் அக்கா பாப்பாயி. தன் கைக்குழந்தைக்கு ஒரு பக்கமும் தம்பி குழந்தைக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்துக்கொண்டே என்னை விசாரணை செய்தார்.

"கரண்டு கரண்டுங்கறயே கண்ணு, அது என்ன நெறம்?"

"நெறமெல்லாம் இல்லீங்கக்கா. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதது எங்க ஊருலயே வேண்டியமுட்டும் இருக்குது. அதுக்கு ரயிலேறி வேற போவோணுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சடையன் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நல்லம்மாவின் கை, இல்லாத குழந்தையைத் தாங்கியபடி காற்றில் வளைந்து நின்றது. பாப்பாயி அதைப் பார்த்தார். "கூட்டிட்டுப் போ சாமி. இங்க இருந்து என்ன ஆச்சு" என்றார்.

மூங்கிலில் துணி கட்டித் தூளியாக்கி அவளை வைத்து, காரவள்ளிக்கு இறங்கும் ஒற்றையடித் தடத்தில் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுவந்தோம். பிறகு பஸ். பிறகு ரயில். சடையன் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜன்னல்

வலிப்பு அறைக்குள் உறவினர்களை விடுவதில்லை. சடையன் வெளியே ஜன்னலோரம் நிற்கட்டுமா என்று கேட்டார். நான்தான் பெரிய டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கினேன்.

நல்லம்மாவை மேஜையில் படுக்க வைத்தோம். வலிப்பின் வேகத்தில் எலும்பு முறியாமல் இருக்க ஆட்கள் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்வார்கள். வாயில் ரப்பர் கட்டை. நான் வில்லைகளைக் கிண்ணத்தில் முக்கி, பிழிந்தும் பிழியாமலும் அவள் நெற்றியின் இரண்டு பக்கமும் வைத்தேன். தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து சேலைத் தலைப்பை நனைத்தது.

பெரிய டாக்டர் பொத்தானை அமுக்கினார்.

உடம்பு வில்லாக விறைத்தது. பிறகு உதற ஆரம்பித்தது. கை, கால், தோள், தாடை. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த உதறலுக்குப் பழக்கப்படுவது சிரமம். பிறகு ஒரு பெரிய மூச்சு. தூக்கம்.

மத்தியானம் தாதி பால் டம்ளரை உதட்டில் வைத்தபோது தொண்டை ஏறி இறங்கியது. அதுவரை மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்டிவந்தோம். முதல் தடவையிலேயே இப்படியா? வராந்தாவில் ஓடினேன். வேப்ப மரத்தடியில் சடையன் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார்.

"சடையண்ணா, பால் குடிச்சாங்க. தானா முழுங்கினாங்க."

"தெரியுமுங்க. நாங்க போறமுங்க."

"எங்க?"

"ஊருக்குத்தானுங்க. அங்கயே ஆகட்டும்."

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்குது. இன்னும் சில தடவை வெச்சா எந்திரிச்சு நடப்பாங்க. பால் குடிச்சிருக்காங்கன்னு சொல்றேன்..."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

"பாலு குடுத்தது தப்புங்க சாமி" என்றார்.

அவ்வளவுதான். சொந்த விருப்பத்தில் சேர்ந்தவர்களைச் சொந்த விருப்பத்தில் விட்டாக வேண்டும். தூளி கட்டிய துணியாலேயே அவளை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். பெரிய டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வலிப்பைப் பார்த்துப் பயந்துவிட்டான். ஒரு தடவையால் வந்த தெளிவு ஒரு வாரம் நிற்காது. அப்புறம் அவள் பட்டினியிலேயே போய்விடுவாள். உன் மலைக்காரன், நீயே போய் அழைத்து வா" என்றார்.

பயம்தான் என்று நானும் நினைத்தேன். வலிப்பு என்றால் என்ன, ஏன் வலிக்காது என்று புகைவண்டி முழுக்கப் பிரசங்கம் தயாரித்துக்கொண்டு போனேன்.

தண்ணி காட்டுவதில்லை

அந்தப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடப் பயன்படவில்லை.

ஊருக்குள் ஆளே இல்லை. பலா மரத்தடியில்தான் எல்லோரும். போய்ச் சேர்ந்தபோது கிடாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நேராக நல்லம்மாவிடம் போய் நாடி பார்த்தேன். நூல் மாதிரி ஓடியது. உதடு வெடித்திருந்தது. ஆனால் மோவாயில், கழுத்து மடிப்புக்குச் சற்று மேலே, ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சாமைக் கஞ்சி.

"என்ன குடுக்கறீங்க?" என்று பாப்பாயியைக் கேட்டேன்.

"ஒன்னுமில்லே" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. "தண்ணி காட்டறதில்லே."

மனுஷருக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். தண்ணி காட்டுவது ஆடு மாட்டுக்கு. அந்தப் பேச்சு காதில் இடறியது. திரும்பினேன்.

ஆட்கள் கிடாவின் தோளையும் இடுப்பையும் பிடித்திருந்தார்கள். பூசாரி கிண்ணத்தில் கையை முக்கி, நெற்றியின் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை, தண்ணீர் வைத்தார். கையை எடுத்துவிட்டு விலகி நின்றார். எல்லோரும் உடம்பு எப்போது உதறும் என்று பார்த்து நின்றார்கள்.

எங்கள் அடிவாரத்திலும் ஆட்டுக்குத் தண்ணீர் தெளிப்போம், முதுகு மேல் செம்போடு ஊற்றுவோம். மலையில் இப்படி நெற்றியில் வைப்பார்கள் என்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்த அந்தக் கணத்தில் சடையன் நின்ற ஜன்னலில் நான் நின்றேன்.

"சடையண்ணா" என்று அவர் கையைப் பிடித்தேன். "நாங்க அவங்களுக்கு வெச்ச தண்ணி..."

"வெச்சீங்க. துலுக்கிட்டா. எம்பட கண்ணால பாத்தனுங்க." அவர் குரல் நிதானமாக இருந்தது. "உங்க மேல வருத்தமில்லீங்க சாமி. அது உங்க ஊரு சாமி கேட்டுதோ, எங்க கருப்பனாரு அங்க வந்து கேட்டாரோ, நமக்கென்ன தெரியும். துலுக்குன உருப்படி சாமியோடதுங்க. அதுக்குப் பொறவு நாம தீனி வெக்கப்படாது. நீங்க பாலு குடுத்துட்டீங்க."

"அப்ப இந்தக் கிடா?"

"அவளுக்குப் பதலு. இதை எடுத்துக்கிட்டு அவளை உட்டுருங்கன்னு கேக்கறம். கிடா துலுக்குனா அவ நம்மளோடது."

அதற்குள் பூசாரி மறுபடியும் தண்ணீர் வைத்துவிட்டார். கிடா அசையவில்லை. நான் முதலில் சொன்ன காட்சி இதுதான்.

கரிக்குது

சும்மா நிற்க எனக்குத் தெரியாது. பூசாரியிடம் போனேன்.

"பெரியவரே, நாங்க யாருகிட்டயும் உத்தரவு கேக்கலீங்க. அது வைத்தியமுங்க. அந்தத் தண்ணி கேள்வித் தண்ணி இல்லே."

"கேக்காம எதுக்குக் கண்ணு நெத்தியில தண்ணி வெச்சீங்க?"

"கரண்ட் உள்ள போறதுக்குங்க. காஞ்ச தோலுல போகாது, சுட்டுரும். வெறுந்தண்ணியிலயும் செம்மையாப் போகாது. அதனால உப்பைக் கரைச்சு..." என்று நான் ஆரம்பித்துவிட்டேன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது, பெரிய டாக்டர் எத்தனை விதமாகக் கரைத்துப் பார்த்தார், துணி ஏன் வேண்டும். பெட்டியைப் பற்றிப் பேச வாய்த்தால் எனக்கு இடம் பொருள் தெரியாது.

"நில்லு கண்ணு." பூசாரி கையைத் தூக்கினார். "என்ன கரைச்ச தண்ணி?"

"உப்புங்க."

"உப்புன்னா?"

"நாம சோத்துக்குப் போடறதுதானுங்க."

கிடாவைப் பிடித்திருந்தவர்கள்கூடத் தலை திருப்பினார்கள். பூசாரி கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கருப்பனாருக்கு உப்பு ஆகாதுன்னு இந்த நாட்டுல பால் குடிக்கற கொழந்தைக்கும் தெரியும். பொங்கலு உப்பில்லாமத்தான் வெக்கறோம். தண்ணி மொள்ளறவனும் நானும் நேத்துலருந்து உப்புத் தொடலே. உப்புத் தண்ணி வெச்சா சாமி அந்தத் தெசைக்கே திரும்பாது. அப்பறம் என்ன உத்தரவு? காத்தடிச்சு மரம் ஆடுனாப்பல அவ உடம்பு ஆடியிருக்குது. கணக்குல இல்லே."

சடையன் என்னையே பார்த்தார். "நெசமாலுமுங்களா? இல்லே, அவளைத் திரும்பக் கூட்டிட்டுப் போறதுக்குச் சொல்றீங்களா? கிண்ணத்தைத்தான் நான் பாத்தேன். உள்ளார என்ன இருந்துதுன்னு எனக்கென்ன தெரியும்."

என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. கிண்ணம் பட்டணத்தில் இருந்தது.

பாப்பாயி குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். நல்லம்மா கட்டியிருந்தது ஆஸ்பத்திரிக்குக் கட்டிப் போன அதே சேலை. தோள் பக்கத்துத் தலைப்பில் திட்டாக வெள்ளை பூத்திருந்தது. பாப்பாயி அதை எடுத்து வாயில் வைத்துச் சப்பினார்.

"கரிக்குது" என்றார். "வேணும்னா நீயும் வெச்சுப் பாரு."

சடையன் மண்டி போட்டு அந்தத் தலைப்பை வாயில் வைத்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

அது கிண்ணத்திலிருந்து சொட்டிய உப்பா, மனைவியை முதுகில் கட்டி மலை ஏறியவரின் வேர்வையா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. பாப்பாயியும் என்னைப் பார்க்கவில்லை.

"அவளே போகலைன்னா பதலு எதுக்கு?" என்று பூசாரி கிடாவின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார்.

மாலை கழன்றதுதான் தாமதம், கிடா தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறியது. என் சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

"பாரு இதை. கேட்டப்ப எல்லாம் ஊமையாட்ட நின்னுட்டு" என்றார் ஒருவர். மலையில் அன்று முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாலை இல்லாமல் துலுக்கினால் அதுவும் கணக்கில் இல்லை.

பாப்பாயி பலா மரத்துக்குப் பின்னாலிருந்து கஞ்சிச் சட்டியை எடுத்து வந்தார். இன்னும் சூடாக இருந்தது. அது எப்போது காய்ச்சியது, யாருக்காகக் காய்ச்சியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசாரி மட்டும் மாலையைக் கல்லின் மேல் வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"உப்புப் போட்டே குடு. இத்தன நாளு வெறுங்கஞ்சி."

நாக்கில் ஒரு சொட்டு

மறுபடியும் தூளி, பஸ், ரயில். இந்தத் தடவை சடையன் ஒரு நிபந்தனையோடு வந்தார்.

"ஒவ்வொருக்காவும் அந்தத் தண்ணிய நான் நாக்குல வெச்சுப் பாக்கோணும். பாத்த பொறவுதான் அவ நெத்தியில படோணும்."

பெரிய டாக்டர் முதலில் ஒப்பவில்லை. இது ஆஸ்பத்திரியா சமையற்கட்டா என்றார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். "கையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்" என்றார்.

அப்புறம் அது அந்த அறையின் வழக்கமாகிவிட்டது. நல்லம்மா மேஜையில். ஆட்கள் அவரவர் இடத்தில். நான் கிண்ணத்தை நீட்டுவேன். சடையன் சுண்டு விரலை முக்கி நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். தலையை ஆட்டுவார். ஜன்னலுக்குப் போவார். ஒருநாள் அவர் வரச் சற்றுத் தாமதமானபோது, "ருசி பார்க்கிறவர் எங்கே?" என்று பெரிய டாக்டரே பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

தடவைக்குத் தடவை நல்லம்மா மேலே வந்தாள். கிணற்றிலிருந்து ஆளை ஏற்றுவது போல மெதுவாக. முதலில் கண் ஆளைத் தொடர்ந்தது. பிறகு கை தானாகச் சேலையைச் சரி செய்தது. ஒருநாள் காலை வார்டுக்குள் நுழைந்தபோது, சடையனிடம் "ஏனுங்க, இது எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு நாள் உடம்பு பிடிக்கு மீறி உதறியது. எலும்புப் படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருந்தது. இனித் தலையில் சுமை வைக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் சொன்னார். தலைச்சுமை இல்லாமல் மலையில் ஒரு பெண் எப்படிக் குடித்தனம் செய்வாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சடையன் "நான் தூக்கறனுங்க" என்று மட்டும் சொன்னார்.

இதை மறைத்துவிட்டுப் பெட்டியின் புகழை மட்டும் பாட எனக்கு ஆசைதான். அப்படி எழுதினால் இந்தத் தொடர் விளம்பரம் ஆகிவிடும்.

பெயர் தெரியாத விருந்தாளி

அடுத்த தை மாதமும் மலை ஏறினேன். நல்லம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. என்னைப் பார்த்ததும் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க. அவிய காட்டுக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. நீங்க ஆருங்க?" என்றாள்.

வைத்தியம் அவள் நினைவில் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டு போயிருந்தது. நோயின் நாட்கள், ரயில், ஆஸ்பத்திரி, நான், எல்லாம் அதில் போயின. குழந்தை பிறந்த நினைவும் போயிற்று. பிரசவம் எப்படி இருந்தது என்று பாப்பாயிதான் அவளுக்குக் கதையாகச் சொல்கிறாராம். சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார் என்று சடையன் பிறகு சொன்னார்.

"காரவள்ளிப் பக்கமுங்க. சடையண்ணன் எங்க களத்துலதான் மூட்டை எறக்குவாரு" என்றேன்.

களியும் கீரையும் வைத்தாள். நான் சாப்பிடும்போது கறுப்புக் கிடா ஒன்று வாசலில் வந்து, உரிமையோடு தலையை உள்ளே நீட்டியது. கொழுத்திருந்தது. தாடி நீண்டிருந்தது.

"இது ஒன்னு" என்றாள். "கட்டறதில்லே, விக்கறதில்லே, வெட்டறதில்லே. ஏன்னு கேட்டா ஊருல ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டீங்கறாங்க. நாத்தனாகிட்டக் கேட்டா அழுகறாங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியும். இந்த மலையில் அதை அவளிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. எனக்கு மட்டும் எப்படி வரும்? ஆனால் பொய் சொல்லவும் முடியவில்லை.

"சாமிக்குன்னு கொண்டுபோனாங்க. கேட்டப்ப அது துலுக்கலீங்க" என்றேன்.

"துலுக்கவே இல்லீங்களா?"

"மாலையைக் கழட்டுன பொறவு துலுக்குச்சு."

நல்லம்மா யோசித்தாள். அவள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கெட்டிக்காரக் கிடா" என்று சொல்லிவிட்டு, உப்புச் சட்டியில் கை விட்டு ஒரு கல் உப்பை எடுத்து நீட்டினாள். கிடா அவள் உள்ளங்கையை நக்கியது. உப்பு தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டே இருந்தது. அவளும் கையை எடுக்கவில்லை.